போலிச் சுழல் துப்பாக்கியும் மெய்ச் சரித்திரமும்

பண்டங்களைத் தேடிச் சேர்த்து வைக்கும் ஆசை மாந்தர்க்கு இயற்கையாய் அமைந்த ஒன்று. ஒருவர் தபால் தலைகளைச் சேர்ப்பார். ஒருவர் பழங்காசுகளைச் சேர்ப்பார். தீப்பெட்டிச் சித்திரங்களைப் புத்தகத்தில் ஒட்டி மகிழ்வாரும் உளர். இவற்றுள் எதனையும் நாம் இகழ்வதற்கில்லை. சேர்ப்பவன் தான் சேர்க்கும் பண்டத்தின் வரலாற்றை ஆராயத் தலைப்படுவானாயின் அவ்வாசையே அறிவுக்கு வாயிலாகின்றது. ஆராயானாயின் அது பெட்டியை நிரப்பும் வேலையாய் முடிகின்றது.

இவ்வாசைகளுள் நாம் ஈண்டு ஆராயப் புகுந்தது ஒன்று. அமெரிக்கக் கௌபாய் படங்களில் கதாநாயகன் இடுப்பில் தொங்கும் சுழல் துப்பாக்கியைப் போலச் செய்த போலிகளைச் சேர்த்து, அவற்றைத் தம் விருப்பம்போல் திருத்தி அழகு செய்யும் பொழுதுபோக்கே அது. மேலை நாடுகளிலும் ஜப்பானிலும் இதனைக் கைக்கொண்டோர் பலர். ஈப்போவிலும் அதனைச் சூழ்ந்த பழைய ரப்பர்த் தோட்டங்களிலும் பிறந்து வளர்ந்த நம் இளைஞருள்ளும் இவ்விருப்பமுடையார் சிலரை நாம் அறிவோம். எந்தப் படத்தில் எந்த நடிகன் எந்த ஆண்டு மாதிரியைக் கையாண்டான் என்பதை அவர்கள் மனப்பாடமாய் ஒப்பிப்பர். அயல்நாட்டிலிருந்து ஒன்றைத் தருவித்தால் என்ன என்றும் வினவுவர். அவ்வினாவுக்கு விடை கூற வேண்டுமாயின் மூன்று சரித்திரங்களை ஒருங்கே நோக்குதல் வேண்டும். முதலாவது அத்துப்பாக்கியின் சரித்திரம். இரண்டாவது அதனைப் புகழேற்றிய சினிமாவின் சரித்திரம். மூன்றாவது இப்பேராக் மண்ணின் சரித்திரம். மூன்றாவதைத்தான் நம்மவர் மறந்து போகின்றனர்.

முதலில் துப்பாக்கியை நோக்குவோம். ஒற்றைக் குழல், அதன் பின்னே ஓர் உருளை, அவ்வுருளையில் ஐந்து அல்லது ஆறு அறைகள், அறைதோறும் ஒரு குண்டு. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னிழுத்தால் உருளை ஓர் அறையளவு சுழன்று அடுத்த குண்டைக் குழலுக்கு நேரே கொணர்ந்து நிறுத்தும். விசையை இழுத்தால் சுத்தி விழும், குண்டு வெடிக்கும். இவ்வமைப்புக்குச் சாமுவேல் கோல்ட் என்னும் அமெரிக்கர் 1835இல் இங்கிலாந்திலும் 1836இல் தம் நாட்டிலும் உரிமைப் பட்டயம் பெற்றார். அவருடைய முதல் தொழிற்சாலை 1842இல் நொடித்துப் போயிற்று. மெக்சிகோவோடு அமெரிக்கா போர் தொடுத்த காலத்தில் சேனைக்கு வேண்டிய துப்பாக்கிகளைச் செய்து தரும் வாய்ப்புக் கிடைத்த பின்னரே அவர் மீண்டும் தலையெடுத்தார். 1851இல் வெளிவந்த மாதிரி 'நேவி' எனப் பெயர் பெற்றது. அக்காலத்தில் அறைதோறும் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் தனித்தனியே இட்டு அடைத்தல் வேண்டும். குண்டும் மருந்தும் ஒன்றாய் அடங்கிய உலோகத் தோட்டா பரவியது பின்னரே.

கோல்ட் 1862இல் காலமானார். அவர் பெயரை உலகெங்கும் பரப்பிய துப்பாக்கியோ அவர் மறைந்து 11 ஆண்டுகள் கழித்து, 1873இல் வெளிவந்தது. 45 என்னும் அளவுள்ள தோட்டாவை ஏற்கும் அதனை அமெரிக்கச் சேனை ஏற்றுக்கொண்டது. 'பீஸ்மேக்கர்', அஃதாவது சமாதானம் செய்விப்பது, என்னும் பெயரும் அதற்கு வழங்கலாயிற்று. உயிரைப் போக்கும் கருவிக்குச் சமாதானத்தின் பெயரைச் சூட்டுதல் விற்பனைக்காரர் சாமர்த்தியமன்றி வேறென்ன? 1873 முதல் இரண்டாம் உலக யுத்தம் வரை செய்யப்பட்டவை மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை. கௌபாய் படங்களில் நாம் மிகுதியாய்க் காண்பது இம்மாதிரியே.

இனிச் சினிமாவுக்கு வருவோம். 1903இல் எட்வின் போர்ட்டர் என்பார் 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் சிறு படத்தை எடுத்தார். அதில் கொள்ளைக்காரன் ஒருவன் சபையோரை நேர்நோக்கித் தன் துப்பாக்கியைச் சுடும் காட்சி ஒன்று உண்டு. அன்று தொடங்கிய வெடியோசை நூறாண்டுகட்கு மேலாகியும் அடங்கிற்றில்லை. ஹாலிவுட்டில் படக் கம்பெனிகளுக்குத் துப்பாக்கிகளை வாடகைக்கு விடுவதற்கென்றே ஸ்டெம்பிரிட்ஜ் என்னும் நிலையம் தோன்றிற்று. பலவகைத் துப்பாக்கிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்துமாறு, குண்டில்லாது ஓசையும் புகையும் மட்டும் எழுப்பும் தோட்டாவும் செய்யப்பட்டது. ஐந்து வகைக்கு ஒன்றாய்ப் பயன்பட்டமையின் அதற்கு 'ஐந்துக்கொன்று' என்றே பெயராயிற்று.

படங்களில் வீரன் தோலுறையைத் தொடை வரை தாழ்த்திக் கட்டி, மின்னலென உருவிச் சுடுவதைக் காண்கின்றோம். மெய்யான மேற்கு நாட்டில் அவ்வழக்கம் இல்லை. குதிரை ஏறுவோர் துப்பாக்கி நழுவாதிருக்கும் பொருட்டு உறையை இடுப்போடு உயர்த்தியே கட்டினர். மின்னல் வேகத்தில் உருவுவதற்கேற்ற உறை 1950களில் ஆர்வோ ஓஜாலா என்னும் ஹாலிவுட் பயிற்சியாளர் வகுத்தது. உருளை தோலில் உராயாது சுழலும் பொருட்டு அவர் உறையினுள்ளே உலோகத் தகடு வைத்தார். 1955இல் தொடங்கிய 'கன்ஸ்மோக்' தொடரின் தொடக்கக் காட்சியில் மார்ஷலுக்கு எதிரே நின்று தோற்கும் மனிதரும் அவரே. ஆகவே 'பழைய மேற்கு நாட்டு உறை' என்று இன்று விலை கொடுத்து வாங்கப்படுவது பெரும்பாலும் ஸ்டூடியோவில் பிறந்த பண்டமாகும்.

துப்பாக்கி ஏந்தித் தெருத்தோறும் திரிந்தனர் என்பதும் அத்தகையதே. அக்கால ஊர்கள் பலவற்றில் எல்லைக்குள் நுழைவோர் ஆயுதத்தை ஒப்படைத்துவிட வேண்டும் என்று கட்டளை இருந்தது. அரிசோனாவிலுள்ள டூம்ஸ்டோன் நகரசபை 1881இல் ஊருக்குள் ஆயுதம் தாங்குவதைத் தடுத்துச் சட்டம் செய்தது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் ஓ. கே. காரல் என்னும் கொட்டில் அருகே நிகழ்ந்த சண்டையைப் பற்றி எத்தனையோ படங்கள் வந்துள்ளன. அச்சண்டைக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்று அத்தடைச் சட்டத்தை நிறைவேற்ற முயன்றதே என்பதை எத்தனை ரசிகர் அறிவர்? துப்பாக்கியின் பொற்காலம் என்று நாம் எண்ணும் காலத்தில், அங்கு வாழ்ந்த மக்கள் துப்பாக்கியை ஊருக்கு வெளியே வைக்க வழி தேடினர் என்பதே சரித்திரம்.

விந்தை ஒன்றையும் ஈண்டுக் கூறுதல் தகும். யுத்தம் வந்ததும் கோல்ட் கம்பெனி 1873ஆம் ஆண்டு மாதிரியைச் செய்வதை நிறுத்திவிட்டது. பழம்பொருள் எனக் கருதி யுத்தத்துக்குப் பின்னும் தொடங்கிற்றில்லை. ஆனால் 1950களில் டெலிவிஷன் வாயிலாகக் கௌபாய் கதைகள் வீடுதோறும் நுழைந்தன. பிள்ளைகள் கேப்பு வெடிக்கும் பொம்மைத் துப்பாக்கி கேட்டனர். பெரியோர் மெய்த் துப்பாக்கியே கேட்டனர். 1956இல் கம்பெனி அம்மாதிரியை மீண்டும் செய்யத் தொடங்கிற்று. துப்பாக்கியைப் பார்த்துப் படம் எடுத்தது ஒரு காலம். படத்தைப் பார்த்துத் துப்பாக்கி செய்தது மற்றொரு காலம். பிள்ளை தந்தையைப் பெற்ற கதை இதுவன்றோ?

போலிகளின் தொழிலும் ஏறக்குறைய இக்காலத்திலேயே தோன்றியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு 1961இல் நெருங்கியபோது, அப்போரில் பயன்பட்ட துப்பாக்கிகளைப் போல் புதிதாய்ச் செய்து தருமாறு அமெரிக்க வியாபாரிகள் இத்தாலியரை நாடினர். வட இத்தாலியில் பிரெஷா நகரை அடுத்த வால் டிரொம்பியாப் பள்ளத்தாக்கில் துப்பாக்கித் தொழில் பல நூற்றாண்டுகளாய் நடந்து வருகின்றது. அங்கே 1959இல் ஆல்டோ உபெர்ட்டி தொடங்கிய தொழிற்சாலை 1851ஆம் ஆண்டு 'நேவி' மாதிரியை மறுபடியும் வார்த்தது. பியெட்டா முதலிய பிற தொழிற்சாலைகளும் தொடர்ந்தன. சில ஆண்டுகளில் இத்தாலியரே கௌபாய் படங்களும் எடுக்கலாயினர். அப்படங்களுக்கு வேண்டிய துப்பாக்கிகள் உள்நாட்டிலேயே கிடைத்தன.

செர்ஜியோ லியோனே இயக்கிய 'தி குட், தி பேட் அண்டு தி அக்லி' (1966) என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். கதை நிகழ்வது 1862ஆம் ஆண்டு. கிளிண்ட் ஈஸ்ட்வுட் கையாளுவதோ உலோகத் தோட்டா ஏற்குமாறு மாற்றியமைத்த 'நேவி' துப்பாக்கி. உருளையைப் பின்புறம் வரை துளைத்துத் தோட்டா இடும் முறைக்குரிய பட்டயம் 1869 வரை ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியின் கையில் இருந்தமையின், கோல்ட் துப்பாக்கிகள் அவ்வாறு மாற்றப்பட்டது அதன் பின்னரே. எனவே வீரன் தன் காலத்தில் இல்லாத துப்பாக்கியால் சுடுகின்றான். அதன் பிடியில் பதித்த வெள்ளிப் பாம்பு, 'ராஹைடு' என்னும் தொடரிலிருந்து 1964இல் லியோனேயின் முதற் கௌபாய் படத்துக்கு வந்து சேர்ந்தது என்பர். இன்று சேகரிப்போர் தம் போலியின் பிடியில் அப்பாம்பையே பதிக்க விரும்புகின்றனர். கற்பனைக்கு ஒரு போலி, அப்போலிக்கு ஓர் அலங்காரம்!

போலிகள் இருவகைப்படும் என்பதை இங்கு மனத்திற் கொள்க. இத்தாலியில் செய்யப்படும் சுடும் போலி மெய்யாகவே சுடும். ஆதலின் அது போலி அன்று, புதிதாய்ச் செய்த மெய்த் துப்பாக்கியே. 2021 அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாகாணத்தில் 'ரஸ்ட்' என்னும் கௌபாய் படத்துக்கு ஒத்திகை நடந்தபோது, இத்தாலியப் போலி ஒன்றில் மெய்த் தோட்டா இருந்து வெடித்து, ஒளிப்பதிவாளரான ஹலினா ஹட்சின்ஸ் என்னும் பெண்மணி மாண்டார். மற்றொரு வகை, ஸ்பெயின் நாட்டு மெனோர்க்காத் தீவின் டெனிக்ஸ் கம்பெனி முதலியோர் துத்தநாகக் கலவையில் வார்ப்பது. அது சுடாது, சுத்தியும் உருளையும் அசையும், கனமும் வடிவும் மெய்யே போலும்.

சேகரிப்போர் கைவைத்துத் திருத்துவது பெரும்பாலும் இவ்விரண்டாம் வகையையே. அவர் வேலையை நாம் எளிதாய் எண்ணலாகாது. கம்பெனி பூசிய கருஞ்சாயத்தை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து நீக்குவர். பன்னாள் உறையில் கிடந்து தேய்ந்தது போல் குழலின் முனையையும் உருளையின் விளிம்பையும் மட்டும் வெளுக்கச் செய்து, ஏனைய இடங்களில் இரசாயன நீர் தடவிக் கருமையேற்றுவர். பித்தளைப் பகுதிக்குக் களிம்பேற்றிப் பழமை காட்டுவர். பிளாஸ்டிக் பிடியை அகற்றிவிட்டு அக்ரூட் மரத்தில் பிடி செதுக்கி, ஆளிவிதை எண்ணெய் தடவி மெருகேற்றுவர். தடித்த மாட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, துப்பாக்கியின் மேல் அழுத்தி வடிவம் படியச் செய்து, உலர்த்தி, மெழுகு நூலால் இரட்டைத் தையலிட்டு உறை செய்வர். பொறுமையும் கைத்திறனும் கூர்ந்த பார்வையும் இதற்கு வேண்டும். இதனை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம்.

நிற்க. இக்கௌபாய் மோகம் தமிழரிடையே எவ்வாறு புகுந்தது? பேசாப் படக் காலத்திலேயே சென்னை மாகாணத்துக் கொட்டகைகளில் எடி போலோவின் அமெரிக்கத் தொடர் படங்களுக்குக் கூட்டம் நெருங்கிற்று. மலாயாவிலோ ஷா சகோதரர் முதலியோரின் கொட்டகைகள் பட்டினந்தோறும் எழுந்தன. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பட்டினம் சென்ற தொழிலாளி தமிழ்ப் படமும் கண்டான். ஆங்கிலம் அறியாதிருந்தும் குதிரையும் துப்பாக்கியும் பேசும் பாஷையைப் புரிந்துகொண்டு கௌபாய் படமும் கண்டான். லயத்துப் பிள்ளைகள் பலகைத் துண்டை வெட்டித் துப்பாக்கி செய்து கித்தா மரங்களினிடையே ஒளிந்து விளையாடினர்.

பின்னர்த் தமிழிலேயே கௌபாய் படங்கள் தோன்றின. ஒளிப்பதிவாளர் கர்ணன் இயக்கிய 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா' (1972), 'ஜக்கம்மா' (1972) ஆகியவை குறிப்பிடத்தக்கன. தமிழ்நாட்டு வறள்நிலத்தில் தொப்பியணிந்த வீரர் குதிரையேறி வந்தனர். 2010இல் சிம்புதேவன் இவ்வகை முழுவதையும் எள்ளி நகையாடி 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' எடுத்தார். படத்தினும் மிகுதியாய் இம்மோகத்தை வளர்த்தது சிவகாசி. அவ்வூரிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ், 1948இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் என்னும் வீரனை 1980கள் முதல் தமிழ் பேச வைத்தது. கேப்பு வெடியும் அச்சகமும் ஒருங்கே சிறந்த ஊர் அது. தீபாவளிக்குப் பிள்ளை கையிலேந்தும் பொம்மைத் துப்பாக்கியின் கேப்பும், அவன் படிக்கும் கௌபாய் சித்திரக் கதையும் ஒரே ஊரில் பிறந்தவை!

இதுகாறும் கூறியவை விளையாட்டின் சரித்திரம். இனிக் கூறப்போவது விளையாட்டன்று.

1945இல் ஜப்பானியர் தோற்றபின், அவர்களை எதிர்த்துக் காட்டில் போரிட்ட மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை அவ்வாண்டு டிசம்பரில் கலைக்கப்பட்டது. ஆயுதத்தை ஒப்படைத்தோர்க்குத் தலைக்கு 350 வெள்ளி அளிக்கப்பட்டது. எனினும் ஒப்படைக்கப்படாது காட்டில் புதைக்கப்பட்டவை பல. தோட்டங்களில் கூலி உயர்வுக்கும் மரியாதைக்கும் தொழிலாளர் சங்கம் அமைத்துப் போராடிய காலம் அது. 1948 ஜூன் 16ஆம் நாள் காலை, நம் பேராக் நாட்டுச் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைத் துரைமார் சுடப்பட்டு மாண்டனர். எல்பில் தோட்டத்தில் வாக்கர் என்பார் தம் அலுவலகத்திலேயே சுடப்பட்டார். சிறிது நேரத்தில் அருகிலுள்ள மற்றொரு தோட்டத்தில் அலிசன் என்பாரும் அவருடைய இளம் உதவியாளர் கிறிஸ்டியனும் சுடப்பட்டனர். எல்பில் அலுவலகத்தில் அவ்வேளை வேலையிலிருந்தவர் ஓர் இந்தியக் கிராணி. தோட்டக் கணக்கு எழுதிப் பிழைக்கும் நமக்கு, அம்மேசையின் முன் அவர் இருந்த நிலையை எண்ணுந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது. திரையில் கேட்கும் வெடியோசைக்கும் அவர் கேட்ட ஓசைக்கும் உள்ள தூரம் எத்துணை!

அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பேராக்கின் சில பகுதிகளில் தொடங்கி அம்மாதத்திலேயே மலாயா முழுமைக்கும் பரவிய அது, 1960 ஜூலை 31 வரை 12 ஆண்டுகள் நீடித்தது. தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்வேலி எழுந்தது, ஊரடங்கு வந்தது, காட்டிலுள்ளோர்க்குச் சேராதிருக்கும்படி அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. 1952இல் 'தி பிளாண்டர்ஸ் வைஃப்' என்னும் ஆங்கிலப் படம் இக்காலத்தைப் பற்றி எடுக்கப்பட்டது. முற்றுகையிடப்பட்ட பங்களாவில் துரையும் துரைசானியும் துப்பாக்கியோடு எதிர்த்து நிற்பர். கௌபாய் படத்துக் கோட்டையைப் பெயர்த்து ரப்பர்த் தோட்டத்தில் நிறுத்தியது போன்றது அது. வேலிக்குள் அடைபட்ட நம் பாட்டன் பாட்டிகளோ அக்கதையின் பின்புறத்தில் நிழலாய் நின்றனர்.

அவசரகால ஒழுங்குமுறைகளின்படி, அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராய் இருந்தவர் எஸ். ஏ. கணபதி என்னும் தமிழர். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பணியாற்றியவர். 1948இல் அச்சம்மேளனம் தடுக்கப்பட்டது. 1949 மார்ச்சு மாதம், சிலாங்கூரில் ரவாங்கை அடுத்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவர் கைது செய்யப்பட்டார். அவரிடம் இருந்ததாய்க் காட்டப்பட்டவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அவர் எவரையும் சுட்டதாய்க் குற்றச்சாட்டு இல்லை; வைத்திருந்ததே குற்றம். இந்திய சர்க்கார் அவர் உயிரைக் காக்கும்படி பிரிட்டிஷாரை வேண்டிற்று. வேண்டுகோள் பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

நேயர்களே! கணபதியின் கொள்கையை ஏற்பாரும் மறுப்பாரும் நம்முள் உண்டு. அதனை ஈண்டு வழக்காட நாம் எண்ணவில்லை. நாம் கேட்பது வேறு. கிளிண்ட் ஈஸ்ட்வுட் துப்பாக்கியின் பிடியில் பாம்பு எப்பக்கம் நோக்கித் தலைவைத்துள்ளது என்பதை அறிந்த தமிழ் இளைஞன், ஒரு ரிவால்வருக்காகக் கழுத்தில் கயிறேற்ற தமிழன் பெயரை அறியாதிருத்தல் முறையாமோ? ஆறு அறை கொண்ட கருவி அவனுக்கு ஹாலிவுட் நினைவை எழுப்புகின்றது. சுங்கை சிப்புட் நினைவையும் புடு சிறை நினைவையும் எழுப்புவதில்லை. போலியை மெய்யாக்கப் பாடுபடுவோன், மெய்யைக் கதையாகவும் கேட்டிலன்.

இனி, போலியைத் தருவிக்கலாமா என்னும் வினாவுக்கு விடை கூறுவோம். கூடாது. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் அவசரகாலம் முடிந்த அவ்வாண்டிலேயே எழுந்தது. அதன் 36ஆம் பிரிவு போலி ஆயுதத்தையும் தடை செய்கின்றது. மீறுவோர்க்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டுமே உண்டு. போலியைக் காட்டிப் பிறரை அச்சுறுத்தினால் 1971ஆம் ஆண்டின் தண்டனை உயர்வுச் சட்டம் இன்னும் கடுமையாய்ப் பாயும். 'பொம்மைக்கு இத்துணைக் கடுமையா?' என்று நம் இளைஞர் நகைக்கக் கூடும். அவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். போலி என்று அறிந்தவன் அதனை ஏந்தியவன் மட்டுமே. எதிரே நிற்பவன் அறியான். கடையில் காசு வாங்கும் பெண் அதனை வாங்கிச் சோதித்துப் பார்த்து அஞ்சுவதில்லை, கண்டவுடன் அஞ்சுகின்றாள். அவள் அச்சம் போலி அன்று.

பிற நாடுகளும் இச்சிக்கலை உணர்ந்தே உள்ளன. மாதிரித் துப்பாக்கிகளைப் பெரிதும் விரும்பும் ஜப்பான், உலோகக் கைத்துப்பாக்கி மாதிரிகளுக்கு வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூசி, குழலை அடைத்துவிட வேண்டும் என 1971இல் விதித்தது. அமெரிக்கச் சட்டம் பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் வேண்டும் என்கின்றது. 1898க்கு முற்பட்ட மாதிரிகளைப் போன்ற சுடாத சேகரிப்புப் போலிகளுக்கு விலக்களிக்கின்றது. கௌபாய் போலிகள் அங்குத் தழைப்பதற்கு இவ்விலக்கும் ஒரு காரணம். ஆயினும் 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரில், ஆரஞ்சு முனை நீங்கிய விளையாட்டுத் துப்பாக்கியை வைத்திருந்த டமிர் ரைஸ் என்னும் 12 வயதுச் சிறுவனைப் போலீஸார் கண்ட மாத்திரத்தில் சுட்டுக் கொன்றனர். மெய்போல் தோன்ற வேண்டும் என்னும் ஆசையின் எல்லை எங்கே முடியக் கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவ்வாறாயின் இவ்விருப்பமுடைய இளைஞன் என் செய்வது? விருப்பத்தைக் கொன்றுவிடுமாறு நாம் கூறோம்; அதற்கு நல்வழி காட்டவே விழைகின்றோம். தோலிலும் மரத்திலும் கைத்திறன் காட்டத் துப்பாக்கியே வேண்டுவதில்லை. இடுப்புவார், பை, குதிரைச் சேணத்தின் சிறு மாதிரி ஆகியவை அதே ஊசியாலும் அதே மெழுகு நூலாலும் ஆகும். பழந்துப்பாக்கிகளின் படங்களையும் அளவு வரைபடங்களையும் சேர்த்து, எந்தப் படம் எந்த ஆண்டுக் கதைக்கு எந்த ஆண்டு மாதிரியைத் தவறாய்க் காட்டிற்று என்று குறித்து வைப்பானாயின், அவன் சேகரிப்பாளன் நிலையினின்று உயர்ந்து ஆராய்ச்சியாளன் ஆவான். ஈப்போக் கொட்டகைகளின் பழைய விளம்பரத் தாள்கள், நுழைவுச் சீட்டுகள், தமிழ்ப் படப் பாட்டுப் புத்தகங்கள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாகிக் கிடக்கின்றன. அவற்றைச் சேர்ப்பார் இலர். சட்டம் தடுக்காத, விலையும் மிகாத, நம் சொந்தச் சரித்திரமாகிய சேகரிப்பு அஃதன்றோ?

அதனினும் அரிய ஒன்று உண்டு. 1948இல் பத்து வயதினராய் லயத்தில் இருந்தோர் இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டனர். முள்வேலியையும், அளந்து தந்த அரிசியையும், இரவில் கேட்ட மெய்யான வெடியோசையையும் நேரில் அறிந்தோர் அவரே. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டு மனைகளாகவும் எண்ணெய்ப்பனைக் காடாகவும் மாறிவிட்டன. லயங்கள் பல இடிந்தன. அவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்துள்ளனர். அவர்களிடம் சென்று, 'தாத்தா, அக்காலத்தில் நடந்தது என்ன?' என்று கேட்டு எழுதி வைப்போர் எத்தனை பேர்? பழந்துப்பாக்கியின் இலக்கத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேடும் பொறுமையில் பாதி இதற்குப் போதும்.

போலியையும் மெய்யையும் பகுத்தறியும் கண்ணே சேகரிப்போனின் பெருமை. அக்கண்ணை நம் இளைஞர் பெற்றுள்ளனர். அதனைத் திரையினின்றும் சற்றே திருப்பித் தம் மண்ணை நோக்குவாராக. வெளிநாட்டுப் போலி இன்று கிட்டாவிட்டால் நாளை எந்நாட்டிலேனும் கிட்டும். திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் அவ்வாறு கிட்டார்.